அண்ணப் பிளவோடு வாயில் கட்டியும் இருந்தால்: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு

பிள்ளை பிறந்து வாயைத் திறந்து அழும்போதுதான் தெரிகிறது, மேலண்ணம் பிளந்திருக்கிறது, அந்தப் பிளவுக்குள்ளால் ஒரு தசைத் துண்டும் தொங்குகிறது. உடனே வீட்டில் எல்லாரும் கேட்பது, "எப்ப தைக்கிறதாம்?" தைப்பது கடைசியில் வருகிற வேலை. அதற்கு முன் மூச்சு, பால், ஸ்கான், கட்டி, நிறை என்று ஒரு வரிசை இருக்கிறது. பிளவு ஒரு வருடம் திறந்து கிடப்பதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது, இந்த வரிசை குழம்பினால்தான் ஆபத்து. குழந்தைகள் வாட்டில் நீண்ட காலம் தாதியாக இருந்தவள் என்ற முறையில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துத் தாய்தகப்பன்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் பிள்ளையைக் கையில் வைத்துப் பார்க்கிற டொக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இது ஏன் வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தாயைக் குற்றம் சொல்கிற பேச்சு முதல் நாளே தொடங்கிவிடும். மேலண்ணத்தின் இரண்டு பாதிகளும் கர்ப்பத்தின் 7ஆம், 8ஆம் கிழமைகளில் நாக்கின் இரு பக்கமும் கீழே தொங்கிக்கொண்டிருந்து, பிறகு மேலே எழுந்து, 12ஆம் கிழமையளவில் நடுவில் ஒட்டிக்கொள்கின்றன. அந்த நேரத்தில் வாய்க்குள் ஒரு கட்டி வளர்ந்தால், இரட்டைக் கதவைச் சாத்தும்போது நடுவில் உரல் கிடந்த மாதிரி, இரண்டு பாதியும் சேர முடியாமல் போகிறது. கிரகணத்தில் கத்தி பிடித்ததாலோ, புளி சாப்பிட்டதாலோ வந்தது அல்ல. மாமியார் கேட்டால் இந்தப் பந்தியையே காட்டுங்கள்.

மூச்சும் பாலும்

கட்டி சின்னதாக, காம்போடு தொங்கினால்கூட அது நாக்குக்குப் பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கலாம். இந்த நிமிடம் நன்றாக இருக்கிற பிள்ளை அடுத்த நிமிடம் நீலமாகிவிடும் என்பதால்தான் இப்படிப்பட்ட பிள்ளைகளை விசேட குழந்தைப் பராமரிப்புப் பிரிவில் வைத்துக்கொள்கிறார்கள். "பிள்ளை நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். டொக்டர் விட்ட பிறகு வீட்டில் இருக்கும்போது பார்க்க வேண்டியவை இவை: மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, கொர் என்று சத்தம் வருகிறதா, உதட்டைச் சுற்றி நீலம் படர்கிறதா. ஒன்று தெரிந்தாலும் முச்சக்கர வண்டி தேடி ஓடாமல் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், அதில் ஒட்சிசனும் இருக்கிறது. அது வரும்வரை பிள்ளையை மல்லாக்கப் போடாமல் ஒருக்களித்து வைத்திருங்கள், கட்டி தொண்டைப் பக்கம் சரியாமல் முன்னால் விழும்.

கர்ப்ப காலத்திலேயே ஸ்கானில் பெரிய கட்டி தெரிந்துவிட்டால் கதை வேறு. பிள்ளையால் நீரை விழுங்க முடியாததால் தண்ணீர்க்குடத்தில் நீர் கூடுவது ஒரு அறிகுறி, 18 முதல் 22 கிழமைக்குள் எடுக்கிற ஸ்கானில் கட்டியே தெரியவும் கூடும். அண்ணப் பிளவு மட்டும் தனியாக இருந்தால் ஸ்கானில் பெரும்பாலும் பிடிபடாது, எனவே "ஸ்கான் எடுத்தவர் ஏன் சொல்லவில்லை" என்று சண்டைக்குப் போவதில் பயனில்லை. பெரிய கட்டி என்று தெரிந்தால் பிரசவமே சிசு தீவிர சிகிச்சை வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டும். சில இடங்களில் சிசேரியன் செய்து, தொப்புள்கொடி வழியாகத் தாயிடமிருந்து இன்னும் ஒட்சிசன் போய்க்கொண்டிருக்கும்போதே பிள்ளையின் தொண்டைக்குள் குழாய் போட்டுவிட்டுத்தான் கொடியை வெட்டுவார்கள். இதற்கு ஒரு பெரிய குழுவே தயாராக நிற்க வேண்டும், நோவு எடுத்த பிறகு ஓடிப்போய் ஏற்பாடு செய்ய முடியாது.

சரி, பால். அண்ணம் திறந்திருந்தால் பிள்ளைக்கு உறிஞ்சும் விசை வராது. வாய் அசையும், முலையைக் கவ்வும், பால் வராது, பிள்ளை களைத்துத் தூங்கிவிடும், தாய் வயிறு நிறைந்துவிட்டது என்று நினைப்பாள். ஆகவே தாய்ப்பாலைப் பிழிந்தெடுத்துக் கொடுங்கள். சங்கு, சின்னக் கோப்பை, கரண்டி, அமுக்கினால் பால் வருகிற மென்மையான பால்போச்சி, இதில் எது உங்கள் பிள்ளைக்குச் சரிவருகிறதோ அது. கட்டி உள்ள பிள்ளைக்குப் போச்சியின் சூப்பி கட்டியில் இடித்தால் இரத்தம் கசியும், அப்படியானால் கரண்டியே போதும், சில பிள்ளைகளுக்குக் கட்டியை எடுக்கும்வரை மூக்கு வழியாகக் குழாய்தான். பிள்ளையை மடியில் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, தலை நேராக இருக்கும்படி பிடித்து, பால் கன்னத்துப் பக்கமாக இறங்கும்படி கொடுங்கள். காற்றும் கூடவே போகும், அதனால் அடிக்கடி தோளில் போட்டு ஏப்பம் எடுக்க வேண்டும். மூக்கால் பால் வருவது இந்தப் பிள்ளைகளுக்கு வழமை, நிறுத்தி, துடைத்து, மறுபடி தொடங்குங்கள், ஆனால் இருமலும் நீலமும் வந்தால் அது வழமை அல்ல. ஒரு தடவைப் பால் அரை மணித்தியாலத்துக்கு மேல் இழுபட்டால் குடித்த சக்தி குடிக்கிறதிலேயே செலவாகிவிடும், நிறை ஏறாது. முதல் மாதங்களில் கிழமைக்கு 150 முதல் 200 கிராம் ஏற வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது நிறுத்துப் பார்த்துப் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் குறிக்கச் சொல்லுங்கள், அந்தக் கோடுதான் பிறகு சத்திரசிகிச்சைத் திகதியைத் தீர்மானிக்கும். பிழிந்த பாலை நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் மேசையில் வைக்காதீர்கள், 25 பாகை செல்சியஸில் 4 மணித்தியாலம் தாங்குகிற பால் காத்தான்குடி வெக்கையில் அவ்வளவு தாங்காது.

வெட்டுவதற்கு முன் படம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதானால் இதை வையுங்கள். வாயிலோ மூக்குக்குப் பின்னாலோ நடுக்கோட்டில் தொங்குகிற எதையும் சீ.ரி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்காமல் யாரும் வெட்டக் கூடாது, நூல் கட்டக் கூடாது, ஊசியால் குத்திச் சோதிக்கவும் கூடாது. காரணம், பார்ப்பதற்குச் சாதாரணத் தசைத் துண்டு மாதிரி இருப்பது சில வேளை மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள ஒரு ஓட்டை வழியாகக் கீழே இறங்கிய மூளை உறையாகவும் மூளைத் திசுவாகவும் இருக்கும். அதை வெட்டினால் மூளையைச் சுற்றியுள்ள நீர் கசியும், மூளைக்காய்ச்சல் வரும். பிள்ளை அழும்போது கட்டி புடைத்து, அழுகை நின்றதும் வற்றினால், அல்லது இரண்டு கண்களுக்கும் இடையில் தூரம் கூடுதலாக இருந்தால், சந்தேகம் இன்னும் கூட. அப்படியான இடத்தில் ஹோர்மோன் சுரக்கும் பிட்டியூட்டரிச் சுரப்பியும் மாட்டியிருக்கக்கூடும் என்பதால் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் உள்ளே வர வேண்டும், இரத்தத்தில் ஹோர்மோனும் பார்க்க வேண்டும். பரிகாரியிடம் போய்க் கட்டி சுருங்க எண்ணெய் தடவுவது இன்னொரு வில்லங்கம். பிளந்த அண்ணம் உள்ள பிள்ளையின் வாயில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குத்தான் போகும். மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி வையுங்கள், பள்ளியில் துஆ கேளுங்கள், வாய்க்குள் மட்டும் ஒன்றும் ஊற்றாதீர்கள்.

படம் எடுத்து மூளையோடு தொடர்பில்லை என்று தெரிந்த பிறகு, அது அனேகமாக இவற்றில் ஒன்றாக இருக்கும். தோலால் மூடி, மெல்லிய பூனைமயிர் முளைத்து, காம்போடு தொங்குவதை மயிர்ப் பொலிப் என்பார்கள். பெண் பிள்ளைகளில்தான் கூடுதலாக வரும், முழுதாக எடுத்தால் பெரும்பாலும் திரும்பி வராது. இரண்டாவது டெரட்டோமா. அதில் தோல், கொழுப்பு, எலும்பு, பல், நரம்புத் திசு எல்லாம் கலந்து கிடக்கலாம். "பல் முளைச்ச கட்டி" என்று கேள்விப்பட்டு ஊர் பயப்படும். அது பேயும் இல்லை, கருவில் அழிந்துபோன இரட்டைப் பிள்ளையின் ஆவியும் இல்லை. பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல, ஆனால் முதிராத திசு உள்ளவை திரும்ப வளரலாம். மூன்றாவது வகை நாக்கில் வருகிற சின்னச் சின்ன முண்டுகள். நாக்கு இரண்டு மூன்று மடலாகப் பிளந்து, அண்ணமும் பிளந்து இருந்தால் பிள்ளையின் கைவிரல், கால்விரல்களையும் எண்ணிப் பாருங்கள், ஒட்டியோ கூடவோ இருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள், எல்லாம் சேர்ந்த ஒரு மரபணு நிலை இருக்கிறது, அதில் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.

பெரிய கட்டி, மூச்சையோ பாலையோ மறிக்கிற கட்டி என்றால் பிறந்த முதல் நாட்களிலோ கிழமைகளிலோ எடுத்துவிடுவார்கள், அண்ணத்தைத் தொடாமல். காம்பு மெல்லிதாக, தொந்தரவு தராத சின்னத் துண்டு என்றால் அண்ணம் தைக்கிற அன்றே சேர்த்து எடுப்பதும் உண்டு, ஒரு மயக்கம் மிச்சம். எந்த வழி என்பது கட்டியின் அளவையும் அது எங்கே வேர்விட்டிருக்கிறது என்பதையும் பொறுத்தது. "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரே தடவையில் செய்தார்களே" என்பது இங்கே வாதமாகாது. எடுத்த துண்டு ஆய்வுகூடத்துக்குப் போகும். அந்த றிப்போட்டைக் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்து வையுங்கள், நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள், ஆனால் பிறகு எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் முதலில் கேட்பது அதுதான். டெரட்டோமா என்று வந்தால் கட்டி திரும்ப வளர்கிறதா என்று அறிய, இரத்தத்தில் அல்ஃபா ஃபீட்டோ புரதம் என்ற ஒன்றை அளந்து பின்தொடர்வார்கள். பிறந்த பிள்ளைக்கு அது இயல்பாகவே மிகக் கூட இருக்கும், மாதங்கள் போகப்போக இறங்கும், ஆகவே முதல் தாளைப் பார்த்துவிட்டுக் கூகுளில் தேடி அழாதீர்கள். இறங்கி வந்தது திரும்ப ஏறினால்தான் கவனிக்க வேண்டும்.

காத்திருக்கிற மாதங்கள்

கட்டி போன பிறகு வாய் ஆறி, நாக்கு தன் இடத்துக்கு வரும், பிளவுகூடக் கொஞ்சம் ஒடுங்கக்கூடும். உதடும் பிளந்திருந்தால் அதை 3 மாதமளவில் தைப்பார்கள். அண்ணத்துக்குப் பெரும்பாலும் 9 முதல் 12 மாதம், சில பிள்ளைகளுக்கு 18 மாதம் வரை. அதிகம் முந்தினால் மயக்கமும் மூச்சும் சிக்கல், முகத்தின் வளர்ச்சியும் பாதிக்கலாம். அதிகம் பிந்தினால் பேச்சு கோணலாகப் பழகிவிடும். இந்த இடைவெளியில் உங்கள் வேலை நிறையை ஏற்றுவதும் இரத்தம் குறையாமல் பார்ப்பதும்தான். ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இருந்தால் அனேகமாகத் திருப்பி அனுப்புவார்கள். 6 மாதம் முடிந்ததும் சோறும் பருப்பும் மீனும் கீரையும் நன்றாக மசித்துக் கொடுங்கள், பிளவு இருக்கிறது என்பதற்காக வெறும் பாலோடு நிறுத்தாதீர்கள், மூக்கால் கொஞ்சம் வந்தால் வரட்டும். தடுப்பூசி ஒன்றையும் தவறவிடாதீர்கள்.

எங்கே போவது? முதலில் உங்கள் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி: மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை, கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை அல்லது வடக்கு ஆதார வைத்தியசாலை. அங்குள்ள குழந்தை வைத்திய நிபுணர் எழுதித் தருகிற கடிதத்தோடு போவதும் கடிதமில்லாமல் நேரே கொழும்புக்கு ஏறுவதும் ஒன்றல்ல. கட்டியும் பிளவும் சேர்ந்த பிள்ளையைப் பெரும்பாலும் கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ பேராதனைக்கோ அனுப்புவார்கள், ஏனென்றால் சத்திரசிகிச்சை நிபுணர், சிறுவர்களுக்கு மயக்கம் கொடுக்கிறவர், காது மூக்கு தொண்டை, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம், செலவு போகவரவும் கூட நிற்கிறவரின் சாப்பாடும்தான். கொழும்புக்கு உதயதேவி ரெயிலில் போவது பஸ்ஸை விடப் பிள்ளைக்குச் சுகம், இடையில் நிமிர்த்தி வைத்துப் பால் கொடுக்கலாம். கண்டிக்கு மகியங்கனைப் பாதையால் போகிறவர்கள் அந்தப் பதினெட்டு வளைவுக்கு முன்னால் வயிறு நிறையப் பால் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுகா எல்லாம் மடியில்தான். கார்த்திகை முதல் தை வரை மாரி மழை, வெள்ளம், அதோடு சளியும் காய்ச்சலும். திகதி தரும்போது மாசிக்குப் பிறகு கேட்க முடிந்தால் கேளுங்கள், கட்டாயம் என்றால் ஒரு நாள் முந்திப் புறப்படுங்கள்.

ஒரு பிளாஸ்டிக் கோப்பில் கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், ஸ்கான் சீடி, ஆய்வுகூட றிப்போட், சுகாதாரப் பதிவேடு எல்லாம் திகதி வரிசையில் வையுங்கள், எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தும் வையுங்கள். வாட்டில் சிங்களம் தெரியாத தாய் தவித்துப்போவாள், அதனால் நாலு சொல் பாடமாக்கிக்கொண்டு போங்கள்: பாலுக்குக் கிரி, காய்ச்சலுக்கு உண, இரத்தத்துக்கு லே, மூச்சுக்கு ஹுஸ்ம. மிச்சத்தைக் கைகாட்டிச் சொல்லலாம்.

சத்திரசிகிச்சையும் அதற்குப் பிறகும்

மூக்கால் சளி ஓடினாலோ, காய்ச்சலோ நெஞ்சில் சளியோ இருந்தாலோ மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒத்திவைப்பார்கள், பயணம் வீண்தான், ஆனாலும் சளியோடு மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழல் இறுகும். பட்டினி நேரம் பொதுவாகப் பால்மாவுக்கும் சாப்பாட்டுக்கும் 6 மணித்தியாலம், தாய்ப்பாலுக்கு 4, தண்ணீருக்கு 2. உங்கள் வாட்டில் வேறு கணக்குச் சொன்னால் அதுதான் கணக்கு. அழுகிறதே என்று அம்மம்மாவோ மூத்தம்மாவோ ஒளித்து ஒரு கரண்டி கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போகலாம். மயக்கம் கொடுக்கிற டொக்டர் முதல் நாள் வந்து பேசும்போது, முன்பு கட்டி எங்கே இருந்தது, அப்போது தொண்டையில் குழாய் போடக் கஷ்டப்பட்டார்களா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். அண்ணத்தின் இரு பக்கத்துச் சவ்வையும் இரத்தக் குழாயோடு சேர்த்துத் தூக்கி நடுவுக்கு இழுத்து, மூக்குப் பக்கம் ஒரு அடுக்கு, நடுவில் தசை, வாய்ப் பக்கம் ஒரு அடுக்கு என்று தைக்கிறார்கள். முக்கியமானது நடு அடுக்கு. பிளவு உள்ள பிள்ளையில் அந்தத் தசை முன்பின்னாக எலும்பில் ஒட்டிக் கிடக்கும், அதைக் கழற்றிக் குறுக்காகத் திருப்பி இரண்டு பக்கத்தையும் இணைத்தால்தான் பேசும்போது அண்ணம் மேலே எழுந்து மூக்கு வழியை மூடும். ஓட்டையை அடைத்தால் மட்டும் போதாது என்று சொல்வது இதனால்தான். சில நிபுணர்கள் இசட் எழுத்து மாதிரி வெட்டி, அண்ணத்தை நீளமாக்கித் தைப்பார்கள், லியோனார்ட் ஃபர்லோ என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணரின் முறை அது. கட்டி இருந்த இடத்தில் சவ்வு குறைவாகவும் தழும்பாகவும் இருக்கலாம், அதனால் இரண்டு கட்டமாகச் செய்யலாம் என்று சொன்னால் ஏமாற்றம் வேண்டாம்.

பிள்ளை வெளியே வரும்போது முகம் வீங்கி, எச்சிலில் இளஞ்சிவப்பாக இரத்தம் கலந்து வரும், மூச்சு முன்பைவிடச் சத்தமாகக் கேட்கும். திறந்திருந்த வழி மூடப்பட்டதால் முதல் இரவு மிகக் கவனமாகப் பார்ப்பார்கள். தனிச் சிவப்பாக இரத்தம் ஓடினால், அல்லது பிள்ளை திரும்பத் திரும்ப எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தால், தாதியைக் கூப்பிடுங்கள், "தொந்தரவு கொடுக்கிறோமோ" என்று தயங்காதீர்கள். அண்ணத்தின் இரு ஓரத்திலும் தைக்காமல் விட்ட புண் வெள்ளையாக, மஞ்சளாகத் தெரியும். அது சீழ் இல்லை, ஆறுகிற விதம் அப்படி. நூல் தானாகக் கரையும், வாய் கொஞ்ச நாள் மணக்கும்.

வீட்டில் 3 கிழமைக்குத் தண்ணி மாதிரியான சாப்பாடு: வடித்த கஞ்சி, மரக்கறி சூப், கரைத்த பருப்பு, பால். கோப்பையால் ஊற்றுங்கள், கரண்டியை உதட்டோடு நிறுத்துங்கள். முறுக்கு, ரஸ்க், பிஸ்கட், எலும்புள்ள மீன், சூப்பி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் பின்னால் கொதித்தாறிய தண்ணீர் இரண்டு மிடறு கொடுத்தால் வாய் சுத்தமாகும். கைக்கு மட்டை கட்டி முழங்கை மடியாமல் வைக்கச் சொல்லி அனுப்புவார்கள், எல்லா இடத்திலும் இல்லை, சொன்னால் செய்யுங்கள், கழற்றும்போது ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். பெரிய அக்கா அண்ணாமாரிடமிருந்து பென்சிலையும் ஐஸ்பழக் குச்சியையும் பாதுகாப்பதுதான் உண்மையில் கஷ்டமான வேலை. வலிக்குப் பரசிட்டமோல் நிறைக்கு எழுதித் தந்த அளவு மட்டும். காய்ச்சல், பால் முழுக்க மறுப்பது, நூல் விட்டு நடுவில் ஓட்டை தெரிவது, இவை உடனே காட்ட வேண்டியவை. சின்ன ஓட்டை விழுந்தால் அடுத்த நாளே திரும்பத் தைக்க மாட்டார்கள், திசு மென்மையாகும் வரை மாதக்கணக்கில் விடுவார்கள்.

காதை மறக்கிற குடும்பங்கள் நிறைய. அண்ணப் பிளவு உள்ள பிள்ளைக்குக் காதின் நடுப்பகுதியில் நீர் தேங்குவது மிகச் சாதாரணம், ஏனென்றால் காதுக் குழாயைத் திறக்கிறதும் அதே அண்ணத் தசைகள்தான். சீழ் வராது, வலிக்காது, பிள்ளைக்குச் சத்தம் மங்கலாகக் கேட்கும், அவ்வளவுதான். மங்கலாகக் கேட்கிற பிள்ளை மங்கலாகத்தான் பேசும். கேட்டல் சோதனை செய்யுங்கள், தேவையென்றால் செவிப்பறையில் சின்னக் குழாய் வைப்பார்கள்.

பேச்சுக்குத் தாயே முதல் ஆள். ம, ந, ங எல்லாம் மூக்கால் வருகிற எழுத்துகள், அண்ணம் மூடாத பிள்ளைக்கும் வரும். ப, ட, க, ச வருகிறதா என்று பாருங்கள். "அம்மா" தெளிவாக வந்து, "அப்பா"வும் "வாப்பா"வும் "அம்மா" "வாம்மா" மாதிரிக் கேட்டால், அல்லது ப சொல்கிறபோது மூக்கால் காற்று சீறினால், பேச்சுப் பயிற்சியாளரிடம் போங்கள். பள்ளிக்கூடம் போகும்போது சரியாகிவிடும் என்று விடாதீர்கள். பலூன் ஊதினால் பேச்சு திருந்தும் என்று சொல்வார்கள், ஊதுவது விளையாட்டுக்கு நல்லது, பேச்சைத் திருத்தாது. பூ, பாப்பா, பட்டம், தோடு, காகம் என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொல்லிச் சொல்லி விளையாடுங்கள். பயிற்சி எடுத்தும் மூக்குப் பேச்சு மாறாவிட்டால், தொண்டைக்குள் கமரா விட்டுப் பார்த்து, இரண்டாவது சத்திரசிகிச்சையைப் பற்றி யோசிப்பார்கள்.

அடுத்த பிள்ளையைப் பற்றிக் கேட்பீர்கள். டெரட்டோமாவும் மயிர்ப் பொலிப்பும் பொதுவாகக் குடும்பத்தில் தொடர்வதில்லை. நாக்கு மடல், விரல் மாற்றம் சேர்ந்த நிலை தொடரலாம், அவர்கள் மரபணு ஆலோசனை கேட்க வேண்டும். யாராக இருந்தாலும் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டும், தங்கிய பிறகு அல்ல. அளவு எவ்வளவு என்பதை இந்தப் பிள்ளையின் கோப்பைக் காட்டி உங்கள் கிளினிக் டொக்டரிடம் கேட்டு எடுங்கள்.